கொல்லிமலைச் சாமையும் வீட்டு முற்றமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் இரண்டு காட்சிகளை மனத்திற்கொண்டே பேருந்தில் ஏறுகின்றனர். ஒன்று ஆகாய கங்கை அருவி. மற்றொன்று அறப்பளீசுவரர் ஆலயம். இரண்டும் காணத்தக்கவையே. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் அந்தப் பாதையே ஒரு காட்சிதான்; ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்க, பள்ளிப் பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுகிற குரல்கள் குறையும். வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் கைகள் கூடும்.

ஆனால், ஆவணி புரட்டாசி மாதங்களில் அங்கே செல்பவர் செம்மேட்டில் இறங்கியதும் அருவிக்கு வழி கேட்காமல், பக்கத்துச் சிற்றூர் எதற்கேனும் நடந்து செல்வாராயின் மூன்றாவது காட்சி ஒன்றைக் காணக்கூடும். அந்த மலையின் ஊராட்சிகள் வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று 'நாடு' என்னும் சொல்லிலேயே முடிவன. ஓரி ஆண்ட மலையல்லவா! ஒவ்வொரு நாட்டிலும் பள்ளத்தாக்கின் அடியில், ஊற்றுநீர் பாயும் இடத்தில், படிப்படியாய் நெல்வயல். அதற்கு மேலே, நீர் ஏறாத சரிவில், மலைமக்கள் 'கொல்லை' என்று வழங்கும் மானாவாரி நிலம். அந்தக் கொல்லையில் முழங்காலுக்குச் சற்று மேலே, மெல்லிய தாளும் தலைகவிழ்ந்த கதிருமாய் ஒரு புல் காற்றில் அசைந்துகொண்டிருக்கும். அதுதான் சாமை.

புல் என்று நான் சொல்வது இழிவாக அன்று. நெல்லும் கோதுமையும் கரும்பும் புல்லினமே. அவற்றுள் சாமை குள்ளமானது, ஓராண்டுக்கு உரியது, விதைத்த மூன்று நான்கு மாதங்களில் விளைந்து, காய்ந்து, தன் வேலையை முடித்துக்கொள்வது. தாவர நூலார் அதற்குச் சுமத்திராத் தீவின் பெயரை இட்டுவைத்திருக்கின்றனர். ஆயினும் அதைப் பயிராக்கிப் பழக்கியது நம் பாரத நாடே என்பது ஆய்வாளர் முடிவு. தினைக்கதிர் நரிவால்போல் திரண்டு நிற்கும்; கேழ்வரகு விரல் மடக்கியதுபோல் இருக்கும். சாமைக்கதிரோ விரிந்த கூந்தல். ஒவ்வொரு மயிரிழையின் நுனியிலும் கடுகினும் சிறிய, வழுவழுப்பான ஒரு மணி. ஆயிரம் மணிகளைத் தராசில் இட்டால் இரண்டு இரண்டரை கிராம் தேறும்.

மழை பொய்த்த காலத்தில் இந்தப் புல் தாக்குப்பிடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. அதன் நாள்கள் குறைவு. பெய்த சில மழைகளுக்குள்ளேயே அது பிழைத்துவிடும். வெயில் கடுமையாயிருக்கையில் குறைந்த நீரைச் செலவிட்டு மிகுந்த உணவைச் சமைத்துக்கொள்ளும் இலையமைப்பு, பிற சிறுதானியங்களைப் போலவே, இதற்கும் வாய்த்திருக்கிறது. மண் ஆழமில்லாவிட்டாலும் சல்லிவேர்கள் மேல்மண்ணின் ஈரத்தைத் துழாவி எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வாரம் மழை இல்லையென்றால் இலை சுருண்டு, வாடி, கைவிட்டதுபோல் தோன்றும். ஒரு தூற்றல் விழுந்ததும் மறுநாள் காலையில் நிமிர்ந்துவிடும்.

கொல்லிமலையில் சாமை என்பது ஒரு பயிரின் பெயர் அன்று; ஒரு குடும்பத்தின் பெயர். சடஞ்சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை என்று வகைகள் பல. இவற்றைக் கலப்பின்றிப் பிரித்து, அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைத்தவர்கள் அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெண்கள். (கேரளத்தவர் என்று வாசகர் மயங்கவேண்டா. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் தமிழ் பேசும் அம்மக்கள் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்கின்றனர்.) மூங்கிலால் முடைந்து, மண்ணும் சாணமும் பூசிய தொம்பைகளில் அவர்கள் தானியத்தைச் சேமித்தார்கள். உமி நீங்காத சாமை ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பஞ்ச காலத்தில் அந்தத் தொம்பைதான் அவர்களுக்கு வங்கியாய் இருந்தது.

இவை அனைத்தையும் இறந்தகாலத்தில் எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. இன்று அந்தச் சரிவுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது மரவள்ளி. சேலம் மாவட்டத்தார் அதைக் குச்சிக்கிழங்கு என்பர். அடிவாரத்துக்கு அப்பால் ராசிபுரம், ஆத்தூர்ப் பகுதிகளிலுள்ள சவ்வரிசி ஆலைகளும் மாவு ஆலைகளும் கிழங்கை விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. சாமையை வாங்குவார் இல்லாதிருந்த காலத்தில் கிழங்கு ரொக்கப் பணம் தந்தது. மறுபக்கம் சில்வர் ஓக் மரமும் அதன்மேல் படரும் மிளகும். நியாயவிலைக் கடையில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. இவற்றையெல்லாம் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிழங்குப் பணத்தில்தான் மலைப்பிள்ளைகள் பலர் கீழே விடுதிகளில் தங்கிப் படித்தார்கள்.

பெண்களின் தோள்வலியையும் நாம் மறக்கலாகாது. சாமையின் உமி மணியோடு இறுக ஒட்டியது. உரலில் இட்டு இடித்து, முறத்தால் புடைத்து, மீண்டும் இடித்து, மீண்டும் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசியாக்குவதற்குள் ஒரு பெண்ணின் காலைப்பொழுது முழுவதும் போய்விடும். பழமையைப் புகழ்ந்து மேடையில் பேசுகிற நம்மில் எத்தனை பேர் அந்த உலக்கையைப் பிடித்திருக்கிறோம்? காலஞ்சென்ற வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் நிறுவிய ஆய்வு நிறுவனம் 1990களில் இம்மலையில் பணி தொடங்கியபோது, விதையைக் காப்பாற்றுவதோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். உலக்கையின் பாரத்தை இறக்கிவைக்காமல் விதையை மட்டும் காக்கச் சொல்வது நியாயமன்று.

ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த 2023ஆம் ஆண்டின் புரட்டாசியில் நான் அம்மலைக்குச் சென்றிருந்தேன். நகரத்துக் கடைகளில் சாமையரிசி கண்ணாடிப் பைகளில் வீற்றிருந்த காலம் அது. மலையிலோ, நான் சென்ற சிற்றூரில் சாமை விதைத்திருந்தவர் ஒரே ஒரு மூதாட்டி. எழுபதைக் கடந்தவர். கொல்லையின் ஓரத்தில், மரவள்ளிக்கும் பாறைக்கும் இடையே ஐந்தாறு சென்ட் இருக்கும். கதிர்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன.

"இது என்ன சாமை அம்மா?" என்று கேட்டேன். அச்சிட்ட பட்டியல்களில் கண்ட பெயர்களில் ஒன்றை எதிர்பார்த்தேன்.

"அதுக்குப் பேரெல்லாம் ஏதுங்க சாமி. எங்கம்மா ஊட்டுச் சாமை. கண்ணாலமாயி வந்தப்ப முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தேன்."

அவருடைய பிள்ளைகள் அந்த ஓரத்தையும் கிழங்குக்கு உழுதுவிடலாம் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மற்ற வீடுகளில் இந்த விதை இல்லையா என்றதற்குத் தலையசைத்தார். ஆக, எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு வகை, ஒரு மூதாட்டியின் பிடிவாதம் ஒன்றையே நம்பி நின்றுகொண்டிருந்தது. நான் புறப்படும்போது உள்ளே சென்று, சென்ற ஆண்டுச் சாமையில் ஓர் உழக்கு அளந்து என் பையில் கொட்டினார். காசு நீட்டினேன்; வாங்கவில்லை. "விதைக்குக் காசு வாங்கறதில்லீங்க. வெளஞ்சா ரெண்டு உழக்கா அளந்துடுங்க" என்றார். அங்கே விதை விற்பனைப் பொருளன்று, கடன்.

இனி முற்றத்துக்கு வருவோம்.

நம் பங்குகளில் புதிதாய் வீடு கட்டும் குடும்பங்கள் வாசலில் நான்கடி மண் மிஞ்சினால் ஒன்று சிமெண்டு பூசிவிடுகின்றனர்; வசதி உள்ளோர் கொரியன் புல்லைச் சதுரம் சதுரமாய் வாங்கிப் பதிக்கின்றனர். அந்தப் பச்சை கண்ணுக்கு இனியதே. ஆனால் கோடையில் நாள்தோறும் நீர் கேட்கும். வெட்டிவிட ஆள் கேட்கும். குடிநீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கும் தெருவில், புல்லுக்குக் குழாய் திறப்பது எனக்குச் சற்றும் உவப்பானதன்று. எங்கள் பங்கு இல்லத்தின் மேற்கே ஒரு சென்ட் நிலம் செங்கல் துண்டும் நெருஞ்சியுமாய்க் கிடந்தது. 2024ஆம் ஆண்டு ஆனியின் கடைசி வாரத்தில், முதல் நல்ல மழைக்குப்பின், அதைக் கொத்திவிடச் செய்தேன். அரையடி ஆழம் போதும். மக்கிய தொழுஉரம் நான்கைந்து கூடை. வேறு எருவொன்றும் இடவில்லை.

ஒரு சென்ட்டுக்கு வேண்டிய விதை 40 முதல் 50 கிராம்தான். இதை நம்ப மறுப்போர் பலர். எங்கள் பங்கின் ஆசிரியர் ஒருவர் மறு ஆண்டு தம் வீட்டில் விதைக்கையில், 'இவ்வளவு சிறிய மணி எத்தனை முளைத்துவிடப்போகிறது' என்று கைநிறைய வாரி இறைத்தார். முளைத்தது அவ்வளவும்! பயிர் நெருங்கி, நோஞ்சானாய் உயர்ந்து, முதற்காற்றில் சாய்ந்துவிட்டது. விதையோடு நான்கைந்து பங்கு உலர்ந்த மணலைக் கலந்துகொண்டால் கை அடங்கும். ஒரு சாண் இடைவெளியில் விரலால் கோடு கிழித்து, அதில் தூவி, மண்ணை மெல்ல இழுத்து மூடவேண்டும். ஆழம் ஓர் அங்குலத்துக்கு மிகலாகாது.

கோட்டில் விதைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான்கைந்து நாளில் முளை எழும். எழுந்தவுடன் சாமைக்கும் காட்டுப்புல்லுக்கும் வேறுபாடு காண்பது பழகிய உழவருக்கே அரிது. கோட்டில் நிற்பது சாமை, கோட்டுக்கு வெளியே நிற்பது களை என்று வைத்துக்கொண்டால் சிறுவரும் களையெடுக்கலாம். முதல் மூன்று வாரம் சாமை மெதுவாகவே வளரும். அந்த நாள்களில் களைக்கு இடங்கொடுத்தால் பயிர் மீளாது. பதினைந்தாம் நாள் ஒரு களை. அப்போதே செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி விட்டு மிகுதியைப் பிடுங்கிவிடவேண்டும். மாதத்தின் முடிவில் இன்னொரு களை. அதன்பின் தூர் வெடித்து, அதுவே நிலத்தை மூடிக்கொள்ளும்.

நீர்? மழையில்லாத போழ்தில் முளைப்பதற்கு ஒருமுறை, கதிர் வெளிவருகையில் ஒருமுறை பூவாளியால் தெளித்தேன். நான் செய்தது அவ்வளவே.

குருத்து ஈ என்று ஒன்று உண்டு. இளம்பயிரின் நடுக்குருத்தில் அதன் புழு புகுந்து அறுத்துவிடும். குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். காலந்தாழ்ந்து விதைத்தால் இதன் தொல்லை மிகும். ஆதலால் மழை தொடங்கியவுடன் விதைத்துவிடுவதே மருந்து. காய்ந்த தூரைப் பிடுங்கி எரித்துவிட்டால் ஒரு சென்ட்டுக்கு அது போதுமானது. வீட்டு வாசலில் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை.

பறவைகள் வேறு. விதைப்பவர் உவமையில் அவை ஒரு வரியில் வந்து உண்டு போய்விடுகின்றன. முற்றத்தில் விதைப்பவனுக்கோ அவை ஒரு மாதக் கவலை. மணி பால்பிடித்த நாள் முதல் சில்லைக் குருவிகள் கூட்டமாய் இறங்கின. கோயிற்பிள்ளை பாடற்குழுவின் பழைய ஒலிநாடாக்களை உருவி, குச்சிக்குக் குச்சி கட்டிவிட்டார். காற்றில் அவை மின்னி ரீங்கரித்ததில் குருவிகள் ஒரு வாரம் மிரண்டன. பிறகு பழகிக்கொண்டன. முடிவில் மீன்வலை ஒன்றை வாங்கி விரித்த பிறகே கதிர் தப்பியது. மூலையில் ஒரு முழம் அளவு மட்டும் வலையிடாமல் விட்டேன். குருவிகளும் எங்கள் ஊர்தானே.

தாய்மார்கள் கேட்ட முதற்கேள்வி பாம்பைப்பற்றியது. நியாயமான கேள்வி. முழங்கால் உயரப் புல் சுவரை ஒட்டி நின்றால் எலி வரும், எலிக்குப்பின் பாம்பு வரும். ஆகவே சுவருக்கும் பயிருக்கும் இடையே மூன்றடி வெறுந்தரை விட்டு, நாள்தோறும் பெருக்கிவைக்கவேண்டும். இன்னொன்று: கொரியன் புல்லைப்போல் இதன்மேல் நடக்கவோ உட்காரவோ இயலாது. பார்க்கலாம், அறுக்கலாம். ஆண்டில் மூன்றரை மாதம் அது பச்சையும் பொன்னுமாய் நிற்கும்; மற்ற மாதங்களில் வெறும் மண்தான். அதில் கொள்ளோ மொச்சையோ விதைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுதும் ஒரே பச்சை வேண்டுவோருக்கு இது ஏற்றதன்று என்பதை முன்னரே சொல்லிவிடுவது நன்று.

விதைத்த நூற்றிரண்டாம் நாள், வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன், அடியோடு அறுத்துத் திண்ணையில் நிழலில் உலர்த்தினோம். நான்கு நாளைக்குப்பின் கோணியின்மேல் தடியால் தட்டினால் மணி உதிர்ந்துவிட்டது. மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு சென்ட்டுக்கு அது குறைந்த விளைச்சலுமன்று, வியக்கத்தக்கதுமன்று. தாளைப் பக்கத்து வீட்டுப் பசு ஒரு வைக்கோல்கூட மிச்சமின்றித் தின்றது. உமி நீக்க, உபதேசியார் வீட்டுப் பழைய உரலையே நாடினோம். இளைஞர் இருவர் மாறி மாறி இடித்தும் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. மலைப்பெண்களின் காலைப்பொழுதைப்பற்றி நான் மேலே எழுதியதை அவ்விளைஞர் இனி மறக்கமாட்டார்கள். கிடைத்த அரிசி கடைச்சரக்குப்போல் வெண்மையாக இல்லை. மங்கிய சாம்பல் நிறம். தவிடு முழுதும் போகாத சாமையின் நிறம் அதுதான். கடையில் பால்போல் வெளுத்திருப்பது தீட்டித் தீட்டித் தவிட்டை இழந்தது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பைமேல் அச்சிடுவோரும் உளர். சாமை உணவுதான், மருந்தன்று. ஒன்றுக்கு இரண்டரை பங்கு நீர் விட்டுக் குழையாமல் வடித்து, மொச்சைக் குழம்போடு பரிமாறினால் அதற்கு வேறு விளம்பரம் வேண்டா.

விதைக்கென எடுத்துவைப்பதை மட்டும் இடிக்கலாகாது. திரண்ட கதிர்களை முன்னரே தேர்ந்து, தனியே தட்டி, நன்கு காயவைத்து, வேப்பிலையோடு மண்சட்டியில் இட்டு வாய்கட்டவேண்டும். சாமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆதலால் சிறிய முற்றத்திலும் ஒரு வகை தன் குணம் மாறாமல் நெடுநாள் நிலைக்கும். ஒரு சென்ட்டின் மூன்று கிலோவில் அறுபது சென்ட்டுக்கான விதை இருக்கிறது. சமவெளியில் வளர்ந்த விதை மலையில் வளர்ந்ததற்கு முழு ஈடாகாது என்பார் வேளாண் துறையினர். மலையின் குளிரும் மண்ணும் அதற்குப் புகட்டும் பழக்கங்கள் இங்கே இல்லை. அது மெய்யே. எனினும் மலையில் ஒரு பட்டம் தவறிவிட்டால் மீண்டும் தொடங்குவதற்கு எங்கேனும் ஓர் உழக்கு இருக்கவேண்டுமல்லவா?

2025ஆம் ஆண்டு தை மாதத்தில் கடனைத் தீர்க்கச் சென்றேன். இரண்டு உழக்கையும் மூதாட்டி முறத்தில் கொட்டி, விரலால் துழாவி, இரண்டு மணியைப் பல்லிடையே கடித்துப் பார்த்தார். "காஞ்சிருக்குது" என்றார். பாறையோரத்தை அவருடைய பிள்ளைகள் மரவள்ளிக்கு உழுதுவிட்டிருந்தனர். அவர் அதைப்பற்றி ஒன்றும் குறைகூறவில்லை. வீட்டின் பின்புறம், ஆட்டுப்பட்டிக்கும் கிணற்றடிக்கும் நடுவே, கல் பொறுக்கிச் சுத்தம் செய்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். இரண்டு கட்டில் போடும் அளவு. அந்த ஆனியில் அங்கே விதைத்ததாகப் பிறகு அவருடைய பேரன் தொலைபேசியில் தெரிவித்தான்.

எங்கள் பங்கில் இதுவரை நான்கு குடும்பங்கள் விதை பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு மண் நிலமே இல்லை. மொட்டைமாடியில் சிமெண்டுத் தொட்டி இரண்டில் விதைத்து, உழக்களவு எடுத்தார்கள். இவ்வாண்டுக்கான சட்டி அலுவலக அலமாரியில், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஆனி பிறக்குமுன் கேட்போருக்கு ஐம்பது கிராம் பொட்டலமாகக் கொடுக்க எண்ணியுள்ளேன். கணக்கு அதே கணக்குத்தான்: விளைந்தால் இரண்டு மடங்காக அளந்துவிடவேண்டும்.